எண்ணெய்ப் பரீட்சை

(கெங்கவல்லியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப்போவது எண்ணெயைப் பற்றி. இதைச் சொன்னவுடனே முன்வரிசையில் சிலர் சிரிக்கின்றீர்கள். மேடையேறினால் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேச வேண்டியவன், எண்ணெய்க் கடை வைத்தவன்போல் பேச வந்துவிட்டானே என்று நினைக்கலாம். அதுவும் தாளிக்கிற எண்ணெயல்ல. ஆகாய விமானத்தின் டர்பைன் எஞ்சினுக்குள் ஓடுகிற மசகு எண்ணெய். கெங்கவல்லியில் விமானம் இறங்க இடமில்லை என்பது நமக்கும் தெரியும். ஆயினும் துண்டு நோட்டீசில், வீட்டிலுள்ள பம்பு செட்டு எஞ்சினிலிருந்தோ டிராக்டரிலிருந்தோ ஒரு சின்னச் சீசாவில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வரும்படி கேட்டிருந்தோம். பலர் கொண்டு வந்திருக்கின்றீர்கள். சீசாவைக் கையிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டிருங்கள். அதற்குக் கடைசியில் வேலையிருக்கின்றது.

இங்கே தலை நரைத்த பெரியவர்கள் பலர் கட்டை வண்டி ஓட்டியவர்கள். வண்டி அச்சுக்கு மசகு எப்படிச் செய்தீர்கள்? வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டீர்கள். மசகு போடாத வண்டி கத்தும், மாடு நுரை தள்ளும், அச்சு தேயும். இதை எந்த ரிஷி வந்து உங்களுக்கு உபதேசித்தான்? ஒருவனும் இல்லை. போட்டுப் பார்த்தீர்கள், கத்தல் நின்றது, ஆகவே போட்டீர்கள். வேப்பெண்ணெயைவிட விளக்கெண்ணெய் கெட்டியாய் ஒட்டி நிற்கின்றது என்பதும் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இந்தப் “போட்டுப் பார்த்தல்” என்பதைத்தான் இன்று பெங்களூரிலும் பரீதாபாத்திலும் பெரிய பெரிய கட்டடங்களுக்குள் செய்கின்றார்கள். அச்சு மாறியிருக்கின்றது, சூடு ஏறியிருக்கின்றது, அவ்வளவுதான்.

ஆனால் இதே எண்ணெய் விஷயத்தில் நம் மக்கள் செய்துவந்த மற்றொரு காரியமும் உண்டு. காலையில் வெளியே கிளம்பும்போது எண்ணெய்ப் பாத்திரத்தோடு எண்ணெய் விற்கிறவர் எதிரே வந்தால் அபசகுனம் என்று வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவது. விதவைத் தாய் எதிரே வந்தாலும் அப்படியே. சாப்பாட்டுக்கு எண்ணெய் வேண்டும், விளக்குக்கு வேண்டும், தலைக்கு வேண்டும், சாமி விளக்குக்கே வேண்டும். அதைச் செக்கில் ஆட்டிச் சுமந்து வருகின்றவன் மட்டும் எதிரே வரக்கூடாது! இதில் ஏதாவது அறிவு இருக்கின்றதா என்று கேட்கின்றோம்.

இதை ஏதோ பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். நாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகின்றோம். நமக்குப் பதினாறு வயதிருக்கும்போது, படிப்பை விட்டுவிட்டு, ஒரு ரைஸ் மில்லில் எஞ்சின் துடைக்கிற வேலைக்குப் போனோம். ஊர்ப் பெயரும் முதலாளி பெயரும் வேண்டாம். ஒருநாள் காலை எஞ்சினைக் கிளப்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை; உள்ளே ‘கடகட’வென்று ஒரு சத்தம்; அடுத்த நிமிஷம் கனெக்டிங் ராடு முறிந்து, பக்கத்து இரும்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நம்மோடு வேலை செய்த தோழர் ஒருவருக்கு வலதுகையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

முதலாளி என்ன காரணம் கண்டுபிடித்தார் தெரியுமா? அன்று காலை மில் கதவைத் திறக்கும்போது, சைக்கிளில் எண்ணெய் டின் கட்டிக்கொண்டு வருகிற கிழவர் எதிரே வந்துவிட்டாராம்! கிழவரைக் கூப்பிட்டு, பத்து மணிக்கு முன்னே இந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று வாசலில் நிற்கவைத்துச் சொன்னார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே அவர் வரவில்லை. எஞ்சினுக்குப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, புதுப் பேரிங் போட்டு மறுபடியும் ஓட்டினார்கள். ஆனால் எந்தப் பீப்பாயிலிருந்து எண்ணெய் ஊற்றினார்களோ அதே பீப்பாயிலிருந்துதான் மறுபடியும் ஊற்றினார்கள். நாற்பது நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் பேரிங் கருகிப் போயிற்று.

அப்பொழுது வந்த வயதான மெக்கானிக் ஒருவர், யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து தோசைக்கல்லை வாங்கிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்தார். நன்றாய்க் காய்ந்ததும் பீப்பாய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். ‘சடசட’வென்று வெடித்தது. வேறு கடையில் வாங்கிய எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். சத்தமே இல்லை, பரவி, புகைந்து நின்றது. “இதில் தண்ணீர் இருக்கின்றது, பழைய எண்ணெயை வடிகட்டி விற்றிருக்கின்றான்” என்றார். ஐந்து நிமிஷ வேலை. இரண்டு விரல்களுக்கும், ஒரு கிழவரின் மானத்துக்கும், இரண்டு தரம் செய்த ரிப்பேருக்கும் காரணம் அந்தச் சடசடப்பில் தெரிந்துபோயிற்று. பெரிய பட்டணத்து வியாபாரி விற்ற பீப்பாயைச் சந்தேகிக்காத முதலாளி, சைக்கிளில் வந்த ஏழையைச் சந்தேகித்தார். சகுனம் என்பது எப்பொழுதும் ஏழை பக்கமாகத்தான் சாய்கின்றது என்பதைக் கவனியுங்கள்.

நாம் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அந்தத் தோசைக்கல்லினால்தான். படிக்கப் படிக்க ஒரு வேடிக்கை தெரிந்தது. உங்கள் மஞ்சள் காட்டு வரப்பிலும் மரவள்ளிக் காட்டு ஓரத்திலும் நிற்கின்றதே கொட்டைமுத்துச் செடி, ஆமணக்கு, அதற்கும் ஆகாய விமானத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகச் சம்பந்தமிருக்கின்றது.

1914-ம் வருஷத்து ஐரோப்பிய யுத்தத்தில் பறந்த பல விமானங்களில் எஞ்சினின் சிலிண்டர்களே சக்கரம்போல் சுற்றும். அவற்றுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். காரணம், மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெய்கள் பெட்ரோலில் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் லேசில் கரையாது. சூட்டிலும் வழுவழுப்பு விடாது. ஆனால் அந்த எஞ்சினில் எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் வெளியே சிதறிக்கொண்டே இருக்கும். அதை முகத்தில் வாங்கி, மூக்கில் இழுத்து, விமானிகளுக்கு வயிறு கெட்டுப்போனதாக அக்காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயல்லவா! காஸ்ட்ரால் என்ற பெயரைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரே ஆமணக்கின் இங்கிலீஷ் பெயரிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் நம் விளக்கெண்ணெய்தான் உலகத்தில் சிறந்தது, வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து திருடிக்கொண்டான் என்று மார்தட்டலாமா? கூடாது. ஏனென்றால் விளக்கெண்ணெய்க்கு ஒரு பெரிய குற்றமுண்டு. நெடுநேரம் சூட்டிலும் காற்றிலும் இருந்தால் பிசினாகிவிடும். வடை சுடுகிற சட்டியின் விளிம்பைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத பழுப்பு அரக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சூட்டில் சேர்ந்து கெட்டதன் அடையாளம் அது. சட்டியில் அந்த அரக்கு ஒட்டினால் நஷ்டமில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் போகின்ற ஊசித் துவாரத்தில் ஒட்டினால் எஞ்சின் போயிற்று. நம் ஊர்ப் பொருளாயிற்றே என்று சூடு தயவு காட்டாது.

இரண்டாவது யுத்த சமயத்தில் புது எஞ்சின் வந்தது. ஜெர்மனியில் 1939 ஆகஸ்டு 27-ந் தேதி ஜெட் விமானம் முதன்முதல் பறந்தது. டர்பைன் என்பது வேறொன்றுமில்லை. திருவிழாவில் குழந்தைகள் காற்றுக்கு நேரே பிடித்து ஓடுகின்ற காற்றாடிதான். காற்றுக்குப் பதில் நெருப்புக் காற்று. இன்றைய பெரிய எஞ்சின்களில் அந்த நெருப்புக் காற்று 1500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் போகின்றது. அதில் நிற்கின்ற இரும்பினத் தகடு உருகாமலிருக்க, தகட்டுக்குள்ளேயே துவாரம் விட்டுக் காற்றை ஓட்டிக் குளிர்விக்க வேண்டியிருக்கின்றது. அந்தச் சக்கரத்தின் தண்டு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுற்றுகின்றது. தண்டைத் தாங்குவது சில பேரிங்குகள். பேரிங் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே நிற்பது எண்ணெய்ப் படலம். தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. அந்தப் படலம் கிழிந்தால் இரும்போடு இரும்பு உரசும். பிறகு நடப்பதை நம் ரைஸ் மில்லில் பார்த்தோம். வித்தியாசம் என்னவென்றால் இங்கே முப்பதாயிரம் அடி உயரத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கின்றார்கள்.

இதில் வேடிக்கை, எஞ்சின் ஓடுகிற நேரத்தைவிட நிறுத்தின பிறகு வருகின்ற ஆபத்து. ஓடும்போது எண்ணெய் பாய்ந்துகொண்டும், சூட்டை அள்ளிக்கொண்டும் இருக்கும். நிறுத்தினவுடன் பாய்ச்சல் நின்றுவிடும். ஆனால் டர்பைனின் சூடு மெள்ள மெள்ளத் தண்டு வழியே பேரிங் அறைக்கு இறங்கும். அங்கே தங்கியிருக்கின்ற எண்ணெய், அடுப்பை அணைத்தும் கனலில் தீய்கின்ற குழம்புபோல் கரியாகும்.

பூமியிலிருந்து எடுக்கிற சாதாரண எண்ணெய் இதைத் தாங்கவில்லை. உயரத்துக் குளிரில் இறுகியும் போயிற்று. ஆகவே எண்ணெயைச் செய்தே தீர வேண்டியதாயிற்று. எதிலிருந்து? மறுபடியும் ஆமணக்கு. விளக்கெண்ணெயைக் காஸ்டிக் காரத்தோடு சேர்த்துக் கடுமையாகக் காய்ச்சினால் அது இரண்டாக உடைந்து, செபாசிக் அமிலம் என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். அதை ஒருவகைச் சாராயத்தோடு கூட்டினால் எஸ்டர் என்ற எண்ணெய் வரும். அது பிசினாகாது, கடுங்குளிரிலும் ஓடும். 1950-க்களின் ஆரம்பத்தில் அமெரிக்க ராணுவம் 7808 என்ற எண்ணிட்டு எழுதிய விதிக்கு இப்படிப்பட்ட எஸ்டர் எண்ணெய்கள்தான் ஈடுகொடுத்தன. பிறகு எஞ்சினின் சூடு ஏறிற்று. அந்த எண்ணெயும் போதவில்லை. 1960-க்களில் 23699 என்ற விதியும், வேறு வகை எஸ்டரும் வந்தன. அதற்கு வேண்டிய அமிலங்களில் ஏழு கரியணு கொண்ட ஹெப்டனாயிக் அமிலம் என்பது ஒன்று. அதையும் விளக்கெண்ணெயிலிருந்தே எடுக்கின்றார்கள். ஆக, கொட்டைமுத்து விமானத்தை விட்டு இறங்கவில்லை. உருமாறி உள்ளேயே இருக்கின்றது.

சரி, இந்த எண்ணெய் நல்லதென்று யார் சொல்லுவது? செய்தவன் சொன்னால் போதுமா? அவன் பெரிய கம்பெனிக்காரன், நூறு வருஷமாக எண்ணெய் விற்கின்றவன், அவன் பாட்டனும் விற்றான் என்றால் ஒப்புக்கொள்ளலாமா? இங்கேதான் தோழர்களே, நாம் இந்த விஷயத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் இருக்கின்றது. எண்ணெயைக் கெடுப்பதற்காகவே ஒரு கூட்டம் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றது! அவர்கள் வேலை எண்ணெய்க்குப் பூஜை போடுவதல்ல, அதை வதைப்பது.

முதலில் ஒரு கண்ணாடிக் குழாயில் எண்ணெயை ஊற்றுகின்றார்கள். உருக்கு, வெள்ளி, அலுமினியம், மக்னீசியம், செம்பு என்று ஐந்து உலோகங்களின் சின்னச் சதுரத் தகடுகளை நூலிழை எடை பிசகாமல் நிறுத்து, எண்ணெய்க்குள் தொங்கவிடுகின்றார்கள். ஏன் இந்த ஐந்து? வெள்ளி, பேரிங் கூட்டின்மேல் பூசுவது. மக்னீசியம், பல்சக்கரப் பெட்டி செய்வது. இப்படி எஞ்சினுக்குள் எண்ணெய் எதையெதைத் தொடுமோ அதையெல்லாம் வைத்துப் பார்ப்பது. பிறகு 72 மணி நேரம் இடைவிடாமல் காய்ச்சிக்கொண்டு, அடியிலிருந்து காற்றைக் குமிழ்குமிழாக ஊதுகின்றார்கள். ஒரு குழாய்க்கு 175 டிகிரி, மற்றொன்றுக்கு 204, மற்றொன்றுக்கு 218. இதென்ன 204, 218 என்று நட்சத்திரம் பார்த்து வைத்த எண்ணா என்று கேட்காதீர்கள். பாரன்ஹீட் கணக்கில் அவை 400-ம் 425-ம். 218-ல் மக்னீசியத்துக்குப் பதில் டைட்டேனியம் தொங்கும்.

மூன்று பகல் மூன்று இரவு முடிந்ததும் எடுத்து மறுபடியும் நிறுக்கின்றார்கள். தகடு அரித்திருந்தால் எடை குறையும்; அழுக்குப் படிந்திருந்தால் ஏறும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பகுதிக்கு மேல் மாறியிருந்தால் எண்ணெய் தோற்றது. எண்ணெய் எவ்வளவு தடித்தது, எவ்வளவு புளித்தது, எவ்வளவு வண்டல் இறங்கிற்று என்பதையும் அளக்கின்றார்கள். நம் வீட்டில் தோசைமாவு புளித்ததை மூக்கால் அறிகின்றோம். அவர்கள் காரம் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிச் சொல்லுகின்றார்கள்.

இது ஆரம்பப் பள்ளிப் பரீட்சைதான். சைபருக்குக் கீழே 54 டிகிரிக் குளிரிலும் 23699 எண்ணெய் அசைய வேண்டும். 246 டிகிரிக்கு முன் அதன் ஆவியில் தீப்பொறி பற்றக்கூடாது. நுரைக்கக்கூடாது. ஏனென்றால் பம்பு நுரையைத் தள்ளினால் பேரிங்குக்குப் போவது காற்று. ரப்பர் சீல்களை அதில் ஊறவைத்தால் அளவுக்குமேல் உப்பவும் கூடாது, சுருங்கவும் கூடாது. இரண்டு பல்சக்கரங்களை எண்ணெயில் ஓட்டி, பல் கீறும் வரைக்கும் சுமையை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு நிஜமான பேரிங்கை ஒரு யந்திரத்தில் பூட்டி, சூட்டை ஏற்றி, 100 மணி நேரம் ஓட்டுகின்றார்கள். கழற்றி, எங்கெங்கே பழுப்பு, எங்கெங்கே கரி என்று பார்த்து மார்க்குப் போடுகின்றார்கள். நல்லதற்கு மார்க்கு அல்ல, குற்றத்துக்கு மார்க்கு. குற்ற மார்க்கு வரம்பைத் தாண்டினால் பெயில். எல்லாம் முடிந்து கடைசியில் எஞ்சினிலேயே ஊற்றி ஓட்டுவது. அதிலும் தேறிய பின் விட்டுவிடுவதில்லை. பறந்து வந்த எஞ்சினிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் எண்ணெயை எடுத்துச் சுடரில் எரித்து, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இரும்பு, எத்தனை பங்கு செம்பு, எத்தனை பங்கு வெள்ளி என்று கணக்கெடுக்கின்றார்கள். வெள்ளி ஏறினால் எந்தப் பேரிங் தேய்கின்றது என்று எஞ்சினைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். ஜோசியம் என்றால் இதைச் சொல்லலாம். தப்பினால் தப்பென்று ஒப்புக்கொள்ளுகின்ற ஜோசியம்!

நம் மேட்டூர் அனல்மின் நிலையத்து நீராவி டர்பைனுக்கு இவ்வளவு சூடு எண்ணெய்க்கு இல்லை. ஆனால் அது வருஷக்கணக்கில் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றவேண்டும். ஆகவே அப்படிப்பட்ட எண்ணெய்க்குப் பொறுமைப் பரீட்சை. 95 டிகிரியில், தண்ணீரையும் இரும்பு, செம்புக் கம்பியையும் உள்ளே போட்டு, பிராணவாயுவை ஊதி, எத்தனை ஆயிரம் மணி நேரத்தில் புளிக்கின்றது என்று மாதக்கணக்கில் காத்திருந்து பார்ப்பது.

நம் நாட்டிலும் இந்த வேலைகள் நடக்கின்றன. இந்தியன் ஆயில் கம்பெனி 1972-ல் பரீதாபாத்தில் ஆரம்பித்த ஆராய்ச்சிச் சாலையும், டேராடூனிலுள்ள இந்திய பெட்ரோலியக் கழகமும் எண்ணெய்களை ஆராய்கின்றன. ராணுவ விமானத்தில் ஒரு பொருளைச் சேர்க்கலாமா கூடாதா என்று சான்று கொடுக்கிற இடம் பெங்களூரில் இருக்கின்றது. அதே பெங்களூரில்தான் காஸ் டர்பைன் ஆராய்ச்சிச் சாலை, நம் மேட்டூரில் அணைகட்டி நிறுத்தியிருக்கின்றோமே அந்தக் காவேரியின் பெயரையே வைத்து ஒரு போர் விமான எஞ்சினைச் செய்ய 1989-ல் அனுமதி பெற்றது. செய்தார்கள், ஓட்டினார்கள், 2010-ல் ருஷியாவுக்குக் கொண்டுபோய் ஒரு பெரிய விமானத்தில் பூட்டி ஆகாயத்திலும் ஓட்டினார்கள். எஞ்சின் ஓடின ஒவ்வொரு மணியும் அதற்குள்ளிருந்த எண்ணெய்க்கும் பரீட்சைதான். ஆனால் வேண்டிய உந்துசக்தி வரவில்லை, எடையும் மிஞ்சிற்று. 2008-லேயே தேஜஸ் விமானத் திட்டத்திலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். இதைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. புண்ணிய நதியின் பெயரை வைத்தோமே, பாஸ் போட்டுவிடலாம் என்று அந்தச் சாலையில் ஒருவரும் சொல்லவில்லையல்லவா? அதுதான் அவர்களுக்குப் பெருமை.

இப்பொழுது மற்றவர்களைப் பாருங்கள். 2015 ஜனவரியில் மும்பையில் கூடின இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே, நம் முன்னோர் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் கிரகத்துக்குக் கிரகம் விமானத்தில் போனார்கள் என்று ஒரு பிரசங்கம் நடந்தது. அதற்கு ஆதாரமென்று காட்டுகிற வைமானிக சாஸ்திரத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஐவர் 1974-லேயே ஆராய்ந்து, அது 1904-க்கு முந்தினதல்ல என்றும், அதிலுள்ள விமானங்கள் பறக்கமாட்டா என்றும் எழுதிவிட்டார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை; ஒரே ஒரு கேள்வி. புஷ்பக விமானத்தின் பேரிங்குக்கு என்ன எண்ணெய் ஊற்றினார்கள்? அது எத்தனை டிகிரியில் புளித்தது? மந்திரத்தில் ஓடிற்று என்றால் சந்தோஷம். அந்த மந்திரத்தை 72 மணி நேரம் குழாயில் வைத்துக் காய்ச்சி நிறுத்துக் காட்டட்டும்.

2019 அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு தேசத்தில் ரபேல் விமானத்தை வாங்கிக்கொண்ட நம் பாதுகாப்பு மந்திரி, அதன்மேல் பொட்டு வைத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததை நீங்களெல்லாம் படத்தில் பார்த்தீர்கள். சக்கரம் தாங்குமா, எஞ்சின் தாங்குமா, எண்ணெய் தாங்குமா என்று ஆயிரம் மணி நேரம் சோதித்தவர்கள் தொழிலாளிகளும் எஞ்சினியர்களும். பெயர் எலுமிச்சம்பழத்துக்கு! நம் ரைஸ் மில் முதலாளியாவது ஏழாவது வரைக்கும் படித்தவர், அவரை மன்னித்துவிடலாம்.

ஆனால் தோழர்களே, குருட்டு நம்பிக்கை கோயிலில் மாத்திரம் இருக்கின்றது, ஒர்க்ஷாப்பில் இல்லை என்று நினைத்தால் நாமும் ஏமாந்தவர்களே. 1983 மே 5-ந் தேதி அமெரிக்காவில் மயாமியிலிருந்து நாசாவுக்கு 172 பேரோடு கிளம்பின மூன்று எஞ்சின் விமானத்தில், மூன்று எஞ்சினிலும் எண்ணெய் ஒழுகிப்போயிற்று. எண்ணெயில் இரும்புத் தூள் வருகின்றதா என்று பார்ப்பதற்காக ஒரு காந்தத் திருகு உண்டு. அதை மாற்றின மெக்கானிக்குகள், கசியாமலிருக்கப் போடவேண்டிய ரப்பர் வளையத்தைப் போடவில்லை. வழக்கமாக வளையம் போட்டபடியேதான் திருகு கைக்கு வரும். அன்றும் அப்படித்தான் வந்திருக்கும் என்று நம்பினார்கள். வளையம் போட்டாயிற்று என்று காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்கள். நடுக்கடலின்மேல் ஒரு எஞ்சினை எண்ணெய் இறங்கிவிட்டதென்று விமானியே நிறுத்தினார். மற்ற இரண்டும் தாமே நின்றன. முதலில் நிறுத்தினதை மறுபடி கிளப்ப முடிந்தபோது விமானம் கடலுக்கு மேலே ஏறக்குறைய 4000 அடிக்கு இறங்கிவிட்டது. அந்த ஒற்றை எஞ்சினில் மயாமிக்குத் திரும்பி வந்து எல்லோரும் பிழைத்தார்கள். எண்ணெயைச் சோதிப்பதற்கென்றே வைத்த கருவியினால் வந்த வினை இது! கையெழுத்து என்பதும் ஒரு மந்திரமாகிவிடும், கண்ணால் பார்க்காமல் போட்டால்.

இதைவிடக் கொடியது ஒன்று. டர்பைன் எண்ணெயில் தேய்மானம் குறைய ஒரு பாஸ்பரஸ் மருந்து சேர்ப்பதுண்டு. அதில் ஒரு வகை, நரம்பைக் கொல்லும் விஷம். 1959-ல் மொராக்கோ தேசத்தில், அமெரிக்க விமானத் தளத்தில் மீதியான ஜெட் எஞ்சின் எண்ணெயை வியாபாரிகள் மலிவாக வாங்கிச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். வாங்கினவர்கள் யார்? மலிவாகக் கிடைத்தால்தான் வாங்க முடிகின்ற ஏழைகள். ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்குக் கை கால் விழுந்தது. கூலிக்காரனுக்குக் கால் போனால் அந்தக் குடும்பம் என்னவாகும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர்கள் என்ன தின்றாய் என்று வீடு வீடாகக் கேட்டு, எண்ணெயைச் சோதித்துக் காரணத்தைப் பிடித்தார்கள்; விற்பனை நின்றது; புதிதாக விழுவதும் நின்றது. அதே ஜாதி விஷம் 1988-ல் கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் சமையல் எண்ணெயில் கலந்து அறுநூறு பேருக்குமேல் முடங்கினார்கள். ஆகவே விமான எண்ணெய்க்கும் கெங்கவல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில். தாய்மார்களே, எஞ்சின் எண்ணெய் வந்த டின்னைக் கழுவி வீட்டு எண்ணெய்க்கு வைத்துக்கொள்ளுகின்ற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆமணக்குப் போடுகின்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்து ஆமணக்கில் பெரும்பகுதி நம் தேசத்தில் விளைகின்றது. அதிலும் பெரும்பங்கு குஜராத்தினுடையது என்று சொல்லலாம். அதை எண்ணெயாகவே அனுப்பிவிட்டு, அதிலிருந்து செய்கிற செபாசிக் அமிலத்தில் பெரும்பகுதியைச் சீனாக்காரன் செய்து விற்கப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். ஆத்தூருக்கு மேற்கே ஏத்தாப்பூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. உங்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கின்றீர்கள்? கையைத் தூக்குங்கள். நாலு பேர். அம்மாவாசைக்கு மலைக்கோயிலுக்கு எத்தனை பேர் போனீர்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற ஒட்டு ரகத்தை அங்கேதான் கண்டார்கள். அதுவும் பல வருஷம் பாத்தி பாத்தியாகப் போட்டுப் பார்த்துத்தான். உங்கள் பிள்ளைகள் பத்தாவது முடித்தால் ரசாயனம் படிக்க வையுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம். கண்ணாடிக் குழாயில் தகடு தொங்கவிட்டு நிறுக்கிற வேலைக்கு மீசை வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது, ஆத்தூருக்குக் கடைசி பஸ்சில் போக வேண்டியவர்கள் இருக்கின்றார்கள். மேடைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டித் தோசைக்கல் வைத்திருக்கின்றோம், நன்றாய்க் காய்ந்துவிட்டது. சீசா கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள். ஒரு சொட்டுக்கு மேல் விடக்கூடாது. பிள்ளைகள் இரண்டு கஜம் தள்ளி நில்லுங்கள், தெறிக்கும். சத்தம் வந்தால் எந்தக் கடையில் வாங்கினது என்பதை உரக்கச் சொல்ல வேண்டாம். அந்தக் கடைக்காரரிடமே நாளைக்கு மீதியை எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டுத் தோசைக்கல்லிலேயே காட்டுங்கள். முதலில் அந்த நீலச் சட்டைத் தோழர் வரட்டும்.